நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்: வணிகப் பயன்பாட்டில் இலவசமும் கட்டணமும் – ஒரு வரலாறு

கணினி வைத்துத் தொழில் நடத்தும் எவருக்கும் ஒருநாள் எழும் கேள்வி இது. வைரஸ் எனப்படும் நச்சுநிரலைத் தடுக்க விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதாதா? வீட்டுக் கணினிக்கு இலவசப் பதிப்பு போதும் என்று சொல்பவர்களே அலுவலகத்துக்குக் கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் சரக்காக இருக்கும்போது ஏன் இந்த வேறுபாடு என்பதை யாரும் விளக்குவதில்லை.

இதற்கான விடை மென்பொருளின் தரத்தில் இருப்பதைவிட, அது வளர்ந்த வரலாற்றில்தான் அதிகம் இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் ‘இலவசம்’ என்ற சொல் இத்துறையில் பல பொருள்களில் வழங்கியுள்ளது. அந்தப் பொருள்களைப் பிரித்தறிந்தால், ஒரு வணிகர் தமக்கு வேண்டியதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

விலை இல்லாத தொடக்கம்

முதல் நச்சுநிரல்களுக்கும் அவற்றின் முதல் மாற்று மருந்துகளுக்கும் விலையே கிடையாது. 1971இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பாப் தாமஸ் என்பவர், அர்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே நகரும் ‘கிரீப்பர்’ என்ற சோதனை நிரலை எழுதினார். அதைத் தேடி அழிக்க ‘ரீப்பர்’ என்ற நிரல் எழுதப்பட்டது. எழுதியவர் மின்னஞ்சலின் தந்தை எனப் போற்றப்படும் ரே டாம்லின்சன். இரண்டுமே ஆய்வாளர்களின் முயற்சிகள். அவற்றை விற்கவோ வாங்கவோ யாரும் நினைக்கவில்லை.

1983இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹன், தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் நிரலைச் செய்துகாட்டினார். அதற்கு ‘வைரஸ்’ என்ற பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய பேராசிரியர் லெனார்ட் ஏடல்மன். எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்பதையும் கோஹன் கணித முறையில் நிறுவினார். மாணவர்கள் இதை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். இலவசமோ கட்டணமோ, நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று எந்தத் தடுப்பு மென்பொருளும் உறுதி கூற இயலாது. அப்படிக் கூறும் விளம்பரம் எதுவாயினும் அது கணிதத்துக்கே முரணானது.

1986இல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, ஐபிஎம் வகைத் தனியாள் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படுகிறது. நெகிழ்வட்டு வழியே அது நாடுகள் கடந்து பரவியது. அடுத்த ஆண்டு ‘வியன்னா’ என்ற நச்சுநிரலை அழிக்க ஜெர்மனியின் பெர்ண்ட் ஃபிக்ஸ் ஒரு நிரல் எழுதினார். அக்காலத்தில் நச்சுநிரல் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஓர் ஆர்வலர் ஒரு மருந்து எழுதுவார். அது நண்பர்களிடையே நெகிழ்வட்டில் கைமாறும். நச்சுநிரல்களின் எண்ணிக்கை கைவிரல் அளவில் இருந்தவரை இந்த முறை தாங்கியது.

மெக்கஃபி வகுத்த வழி

எண்ணிக்கை பெருகியபோது அது முழுநேரத் தொழிலாயிற்று. 1987இல் ஜான் மெக்கஃபி தம் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார. இன்றுவரை இத்துறையில் நிலவும் விலைமுறைக்கு அவர் செய்த ஏற்பாடே முன்னோடி எனலாம்.

அப்போது இணையம் பொதுமக்களுக்கு வரவில்லை. தொலைபேசி இணைப்பின் வழியே கணினிகள் அணுகும் மின் அறிக்கைப் பலகைகள் இருந்தன. மெக்கஃபி தம் ‘வைரஸ்ஸ்கேன்’ மென்பொருளை அவற்றில் போட்டுவைத்தார். வீட்டில் பயன்படுத்துவோர் அதை இறக்கிக்கொள்ளலாம். நிறுவனங்கள் மட்டும் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் பயன்படுத்தி அதன் அருமையை அறிந்த ஊழியர்கள், அலுவலகத்திலும் அதையே நிறுவும்படி கேட்டனர். சட்டச் சிக்கலை விரும்பாத பெரிய நிறுவனங்கள் உரிமத் தொகையைச் செலுத்தின. கடை வைக்காமலும் பெட்டியில் அடைத்து விற்காமலும் நிறுவனம் பெருகி, 1992இல் பங்குச் சந்தைக்கு வந்தது.

தனியாளுக்கு இலவசம், தொழிலுக்குக் கட்டணம் என்ற கோடு இவ்வாறுதான் விழுந்தது. நிறுவனத்துக்கு வலுவான மருந்து, வீட்டுக்கு மெலிந்த மருந்து என்ற பிரிவு அதில் இல்லை. மென்பொருள் ஒன்றே, பணம் கட்டும் திறன் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வாங்குவது என்பதே கணக்கு.

இதே ஆண்டுகளில் அச்சமும் ஒரு விற்பனைக் கருவியாயிற்று. ஓவியர் மைக்கலாஞ்சலோவின் பிறந்த நாளான மார்ச் 6 அன்று வட்டுகளை அழிக்கும் நச்சுநிரல் ஒன்று 1992இல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஐம்பது லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என மெக்கஃபி கூறியதாகச் செய்திகள் வெளிவந்தன. தடுப்பு மென்பொருள் விற்பனை ஏறியது. அந்த நாள் கடந்தபின் பார்த்தால், பாதிப்பு சில ஆயிரங்கள் என்ற அளவிலேயே நின்றிருந்தது. எச்சரிக்கையால்தான் சேதம் குறைந்தது என்று சிலரும், எச்சரிக்கையே மிகை என்று சிலரும் வாதிட்டனர். விற்பவரே ஆபத்தின் அளவையும் சொல்பவராக இருந்தால் வாங்குபவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

பெட்டியில் வந்த மருந்தும் ஆண்டுச் சந்தாவும்

1990களின் தொடக்கத்தில் கட்டண மென்பொருள்கள் வரிசையாகச் சந்தைக்கு வந்தன. சைமன்டெக் நிறுவனம் பீட்டர் நார்ட்டனின் நிறுவனத்தை 1990இல் வாங்கி, நார்ட்டன் ஆன்டிவைரஸை வெளியிட்டது. இங்கிலாந்தில் ஆலன் சாலமனின் தொகுப்பு புகழ் பெற்றது. இந்தியாவிலும் இக்காலத்தில்தான் இத்தொழில் வேரூன்றியது. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் தொழிலில் தொடங்கிய கைலாஷ் கட்கர், தம்பி சஞ்சய் கட்கருடன் சேர்ந்து உருவாக்கியது குவிக் ஹீல். சென்னையில் கேசவர்த்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், இங்கு உருவான தடுப்பு மென்பொருளை ஜப்பான் வரை கொண்டுசென்றது.

1993இல் மைக்ரோசாஃப்ட் செய்த ஒரு முயற்சி இந்த வரலாற்றில் முக்கியமானது. எம்.எஸ். டாஸ் 6 இயக்குதளத்துடன் ஒரு தடுப்பு மென்பொருளையும் அது சேர்த்துக் கொடுத்தது. அது சென்ட்ரல் பாயின்ட் என்ற நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றது. தனிக் கட்டணம் இல்லாமல் ஒவ்வொரு கணினியிலும் தடுப்பு வந்துவிட்டதால் மற்றவர்கள் கடையை மூட வேண்டியதுதான் எனப் பலர் எண்ணினர். அப்படி நடக்கவில்லை. புதிய நச்சுநிரல்களின் அடையாளக் குறிப்புகள் பயனரைத் தவறாமல் சென்றடையும் ஏற்பாடு அதில் வலுவாக இல்லை. நாள் ஆக ஆக அது பழைய நோய்களை மட்டுமே அறிந்த மருத்துவரைப் போலாயிற்று. விண்டோஸ் 95 வந்தபோது அந்த மென்பொருள் உடன் வரவில்லை.

தடுப்பு மென்பொருள் என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருளன்று, நாள்தோறும் தொடரும் பணி என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைச் சேகரித்து, பிரித்துப் பார்த்து, அடையாளம் குறித்து, உலகெங்கும் அனுப்ப வேண்டும். அந்த உழைப்புக்கான ஊதியமாகவே ஆண்டுச் சந்தா முறை நிலைபெற்றது. சந்தா முடிந்த கட்டண மென்பொருள், அன்றன்று புதுப்பிக்கப்படும் இலவச மென்பொருளைவிடத் தாழ்ந்தது. இன்றும் பல கடைகளில் கணினி வாங்கியபோது உடன் வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி, திரையின் மூலையில் சிவப்பு எச்சரிக்கையுடன் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைக் காணலாம். பணம் கொடுத்து வாங்கிய கணினிதானே என்ற நம்பிக்கையில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சந்தாவுக்கும் விதிவிலக்கு உண்டு. ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 2006இல் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது என்ற அறிவிப்புடன் ‘வைரஸ் செக்யூரிட்டி ஸீரோ’வை விற்றது. அதன் உள்ளே இயங்கியது சென்னை கே7 நிறுவனத்தின் பொறி.

இணையமும் இலவசப் பதிப்புகளும்

1999இல் ‘மெலிசா’, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என நச்சுநிரல்கள் மின்னஞ்சல் வழியே சில மணி நேரத்தில் உலகைச் சுற்றின. பிலிப்பைன்ஸில் எழுதப்பட்ட இரண்டாவது, காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்பைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. மாதம் ஒருமுறை நெகிழ்வட்டில் அடையாளக் குறிப்புகளைப் பெற்ற காலம் அத்துடன் முடிந்தது.

இக்கட்டத்தில் நடு ஐரோப்பாவின் சிறு நிறுவனங்கள் ஒரு புதிய வழியைக் கைக்கொண்டன. செக் நாட்டின் பாவெல் பவுடிஷ், எட்வர்ட் குச்சேரா ஆகியோர் 1988 முதல் நடத்திவந்த நிறுவனம் 2001இல் தன் அவாஸ்ட் மென்பொருளின் வீட்டுப் பதிப்பை இலவசமாக்கியது. அதே நாட்டின் ஏ.வி.ஜி., ஜெர்மனியின் அவிரா ஆகியனவும் இலவசப் பதிப்புகளால் உலகப் பெயர் பெற்றன. அமெரிக்க நிறுவனங்களைப் போல விளம்பரத்துக்குச் செலவிட இவர்களிடம் பணம் இல்லை. இலவசப் பதிப்பே இவர்களுக்கு விளம்பரம்.

அதில் மற்றொரு ஆதாயமும் இருந்தது. கோடிக்கணக்கான கணினிகளில் மென்பொருள் இயங்கும்போது, எங்கோ ஒரு மூலையில் புதிய நச்சுநிரல் தலைகாட்டினாலும் அதன் மாதிரி நிறுவனத்தை வந்தடையும். அந்த அறிவு கட்டணம் செலுத்துவோரின் பாதுகாப்பையும் வலுப்படுத்தும். ஆகவே ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் பொதுவாக ஒரே கண்டறியும் பொறியையே கொண்டிருக்கும். விலை கொடுத்தால் கூர்மையான கண் கிடைக்கும் என்ற பரவலான எண்ணத்துக்கு அடிப்படை குறைவு.

ஆனால் உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வணிகம் சாராத தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்பதே அது. நிறுவும்போது ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவோரில் அதைப் படித்தவர் சிலரே. நம் ஊர்களில் ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், தணிக்கையாளர் அலுவலகம் என எங்கும் வீட்டுப் பதிப்புகளே நிறுவப்பட்டன. யார் யாரோ கொண்டுவரும் பென் டிரைவைச் செருகும் ஜெராக்ஸ் கடைக் கணினிதான் ஊரிலேயே மிகுந்த ஆபத்துக்குள்ளானது. கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போன பென் டிரைவைப் பார்க்காத கல்லூரி மாணவர் அன்று இல்லை. அத்தகைய கணினி, விதிப்படி உரிமம் இல்லாத மென்பொருளை நம்பி இயங்கியது. சிக்கல் வந்தபோது அந்த நிறுவனத்திடம் உதவி கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

பின்னர் இந்தக் கோடு சில இடங்களில் தளர்ந்தது. 2015இல் அவாஸ்ட் சிறு நிறுவனங்களுக்கெனவே ஓர் இலவசப் பதிப்பை வெளியிட்டது. ஆகவே உரிமத்தின் நிபந்தனை நிறுவனத்துக்கு நிறுவனமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறக்கூடியது. நிறுவும் நாளன்று படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

திறந்த மூலத்தின் இடம்

உரிமச் சிக்கலே இல்லாத இலவசமும் உண்டு. போலந்தின் டோமாஷ் கோய்ம் தொடங்கி 2002இல் வெளிவந்த கிளாம் ஏவி, திறந்த மூல மென்பொருள். வீடு, கடை, ஆலை என எங்கும் எத்தனை கணினிகளிலும் அதைப் பயன்படுத்தலாம். 2007இல் சோர்ஸ்ஃபயர் நிறுவனமும், அதை வாங்கியதன் வழியே 2013இல் சிஸ்கோ நிறுவனமும் அதன் பொறுப்பை ஏற்றன.

இது பெரிதும் பயன்படும் இடம் மின்னஞ்சல் வழங்கி. உள்ளே வரும் அஞ்சல்களின் இணைப்புகளைச் சோதித்து அனுப்பும் காவலாளியாக அது நெடுங்காலம் உழைத்துவருகிறது. மாறாக, விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும் கணத்திலேயே குறுக்கிட்டுத் தடுக்கும் வசதி அதனுடன் வருவதில்லை. அதை நிறுவிப் பராமரிக்க லினக்ஸ் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவருடைய சம்பளமும் ஒரு செலவுதான்.

இயக்குதளத்திலேயே அமைந்த தடுப்பு

1993இல் தோற்ற முயற்சியை மைக்ரோசாஃப்ட் மீண்டும் கையிலெடுத்தது. 2003இல் ருமேனியாவின் ஜிகேட் நிறுவனத்தின் தடுப்புத் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2006இல் ‘ஒன்கேர்’ என்ற கட்டணச் சேவையை வெளியிட்டது, அது எடுபடவில்லை. 2009 செப்டம்பரில் ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ இலவசமாக வந்தது. 2010 அக்டோபரில் பத்துக் கணினிகள் வரை உள்ள சிறு வணிகங்களும் அதைப் பயன்படுத்தலாம் என அறிவிக்கப்பட்டது. சிறு வணிகருக்கு இது பெரிய திருப்பம். பத்துக் கணினிக்குள் உள்ள ஒரு கடைக்காரர் உரிமத்தை மீறாமல் நல்ல தடுப்பை இலவசமாகப் பெற முடிந்தது.

2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது ‘டிஃபெண்டர்’ என்ற பெயரில் முழுமையான தடுப்பு மென்பொருள் இயக்குதளத்தின் பகுதியாகவே ஆயிற்று. தொடக்கத்தில் சோதனைக்கூடங்களில் அது பெற்ற மதிப்பெண்கள் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரிலுள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் போன்ற சோதனை அமைப்புகளின் பட்டியல்களில் அது கட்டண மென்பொருள்களுக்கு இணையாக நின்றது. போட்டி நிறுவனங்கள் மகிழவில்லை. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி நிறுவனம் போட்டிச் சட்டத்தின்கீழ் புகார் அளித்து, மைக்ரோசாஃப்ட் சில மாற்றங்களுக்கு உடன்பட்ட பின் 2017இல் அதைத் திரும்பப் பெற்றது.

இன்று நிறுவனங்களுக்கென டிஃபெண்டரின் கட்டணப் பதிப்புகளும் உள்ளன. முந்நூறு பேர் வரை பணிபுரியும் நிறுவனங்களுக்கான பதிப்பு 2022இல் வந்தது. அடிப்படைத் தடுப்பு இலவசம், அதை நிர்வகிக்கும் வசதிக்குக் கட்டணம் என்று கோடு இடம் மாறிவிட்டது.

விலையின் மறுபக்கம்

விலை இல்லை என்றால் வேறு யாரோ, வேறு ஏதோ ஒரு வகையில் அதைக் கொடுக்கிறார்கள். 2020 ஜனவரியில் வெளியான செய்திகள் இதை எல்லோருக்கும் உணர்த்தின. அவாஸ்ட் பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தனர் என்ற தரவு, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே பிற நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. ஜம்ப்ஷாட் உடனே மூடப்பட்டது. 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவாஸ்டுக்கு 1.65 கோடி டாலர் செலுத்தும்படி விதித்தது. உலாவல் தரவை விளம்பரத்துக்கு விற்கவும் தடை செய்தது. வீட்டுப் பயனருக்கு இது அந்தரங்கச் சிக்கல். வாடிக்கையாளரின் கணக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்துக்கோ இது நம்பிக்கைத் துரோகமாகவே முடியக்கூடும்.

இதைக் காட்டிக் கட்டண மென்பொருளே பாதுகாப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே நச்சுநிரல் எனக் கருதி நீக்கியது. பணம் கட்டிய நிறுவனங்களின் கணினிகளே அன்று முடங்கின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. அது பெருநிறுவனங்களுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த பாதுகாப்புச் சேவை.

அரசியலும் குறுக்கிடலாம். 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்கா காஸ்பர்ஸ்கி மென்பொருளின் விற்பனைக்குத் தடை விதித்தது. செப்டம்பர் 29க்குப் பின் அந்நாட்டுப் பயனர்களுக்குப் புதுப்பிப்பும் நிறுத்தப்பட்டது. முன்பணம் கட்டிச் சந்தாவில் இருந்த நிறுவனங்களும் வேறு மென்பொருளைத் தேட வேண்டியதாயிற்று.

சந்தையின் இன்றைய நிலையையும் அறிய வேண்டும். ஏ.வி.ஜி. நிறுவனத்தை அவாஸ்ட் 2016இல் வாங்கியது. அவிராவை நார்ட்டன் வாங்கியது. 2022இல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. ஒரு காலத்தில் இலவசத்தின் அடையாளங்களாக இருந்த மூன்று பெயர்களும், கட்டணத்தின் அடையாளமாக இருந்த நார்ட்டனும் இன்று ஒரே குடையின் கீழ் உள்ளன.

2017 கற்பித்தது

தடுப்பு மென்பொருளின் எல்லையை 2017இல் உலகம் கண்டது. மே 12 அன்று பரவிய ‘வான்னாக்ரை’ என்ற பிணைப்பண நச்சுநிரல், 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிணைப்பணம் கேட்பது புதிதன்று. 1989இலேயே எய்ட்ஸ் நோய் குறித்த தகவல் வட்டு என்ற போர்வையில் அஞ்சலில் வந்த நெகிழ்வட்டு, கணினியைப் பூட்டி 189 டாலரைப் பனாமா நாட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னது. 2017இல் புதிதாக இருந்தது பரவிய வேகம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரப் பணியில் மட்டும் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தானதாக மதிப்பிடப்பட்டது. இத்தனைக்கும், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அந்தத் திருத்தம் இலவசம். அதை நிறுவாததே பெருஞ்சேதத்துக்குக் காரணம்.

ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ தாக்கியது. உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியே புகுந்த அது, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. அந்நிறுவனக் குழுமம் நடத்திய மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுக முனையத்திலும் பணிகள் நின்றன. 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு என்று மெர்ஸ்க் மதிப்பிட்டது. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் கூறினார். அத்தகைய நிறுவனத்திடம் பாதுகாப்புக்குச் செலவிடப் பணம் இல்லாமலா இருந்திருக்கும்? வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட காப்புநகல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறுவனம் எதற்குப் பணம் கொடுக்கிறது?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், கட்டணப் பதிப்பில் ஒரு வணிகர் வாங்குவது எது என்பது விளங்கும். நச்சுநிரலைக் கண்டறியும் திறனில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. பணம் போவது வேறு சிலவற்றுக்கு. முதலாவது, தொழிலில் பயன்படுத்தும் உரிமை. இரண்டாவது, எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து கண்காணிக்கும் நிர்வாகப் பலகை. எந்தக் கணினியில் புதுப்பிப்பு நின்றுவிட்டது, எந்த ஊழியர் தடுப்பை அணைத்துவைத்தார் என்பது அதில் தெரியும். மூன்றாவது, பல நிறுவனங்களின் வீட்டுப் பதிப்புகள் இயங்காத வழங்கிக் கணினிகளுக்கான பாதுகாப்பு. நான்காவது, இக்கட்டில் அழைத்துப் பேச ஓர் ஆள். ஐந்தாவது, என்ன நடந்தது என்பதற்கான பதிவேடு.

இந்தப் பதிவேட்டுக்கு இந்தியாவில் இப்போது சட்டத் தேவையும் உண்டு. நடுவண் அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். தனித்தனியே இயங்கும் இருபது இலவசப் பதிப்புகளிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஒரு தெளிவான விவரத்தைத் திரட்டுவது எளிதன்று. அதே செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா, இந்திய நிறுவனங்களின் துணையோடு நச்சுநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கிவருகிறது என்பதையும் அறிந்துவைப்பது நல்லது.

ஆகவே முடிவு தொழிலின் அளவைப் பொறுத்தது. இரண்டு மூன்று கணினிகளும் ஒரு பில் போடும் மென்பொருளும் உள்ள கடைக்கு, இயக்குதளத்தில் உள்ள தடுப்பே போதுமானதாக இருக்கலாம். விண்டோஸ் உரிமம் பெற்றதாகவும் ஆதரவுக் காலம் முடியாததாகவும் இருக்க வேண்டும். திருத்தங்கள் உடனுக்குடன் நிறுவப்பட வேண்டும். கணக்குக் கோப்புகளின் நகல் நாள்தோறும் ஒரு தனி வட்டில் எடுக்கப்பட்டு, அந்த வட்டு கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட வேண்டும். சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த வட்டை வாங்குவது இத்தகைய கடைக்கு அதிகப் பயன் தரும்.

பத்து இருபது கணினிகளும் ஒரு வழங்கியும் உள்ள அலுவலகத்தில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கணினியையும் நேரில் சென்று பார்க்க ஆள் இருக்காது. ஒரே ஒரு கணினியில் தடுப்பு செயலிழந்தாலும் அந்த வழியே முழு வலையமைப்பும் பாழாகும். நிர்வாகப் பலகையுடன் கூடிய கட்டணப் பதிப்பு அங்கே செலவாகாது, சிக்கனமே ஆகும். நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் மருத்துவமனைக்கும், பிறர் பணத்தைக் கையாளும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கணினி எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் இதுவே பொருந்தும். அங்கே இழக்கப்படுவது தங்கள் சொத்து மட்டுமல்ல, தங்களை நம்பியவர்களின் சொத்து.

எதை வாங்கினாலும் விற்பவரின் விளம்பரத்தை விடுத்து, சோதனைக்கூடங்களின் அண்மைய முடிவுகளைப் பார்க்க வேண்டும். ஒரு கணினியில் இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒருசேர இயக்கக் கூடாது. ஒன்றை ஒன்று சந்தேகித்துக் கணினியையே நிறுத்திவிடும். நிறுவியபின் அது விழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் அமைப்பின் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, தீங்கற்ற அந்தக் கோப்பைக் கண்டதும் தடுப்பு மென்பொருள் கூச்சலிட வேண்டும். கூச்சலிடாவிட்டால், அதற்குக் கொடுத்த விலை எதுவாயினும் பயனில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் டாஸ் 6 உடன் வந்த இலவசத் தடுப்பு வீழ்ந்ததும், 2017இல் பெருநிறுவனங்கள் வீழ்ந்ததும் ஒரே காரணத்தால்தான்: காலத்தோடு புதுப்பித்து, தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாமை. அந்தக் கவனிப்பைத் தாமே செய்யக்கூடியவருக்கு இலவசம் போதும். செய்ய இயலாதவர் அதைச் செய்து தருபவருக்குக் கூலி கொடுக்கிறார். கட்டணப் பதிப்பின் விலை என்பது அந்தக் கூலிதான்.